கரியாவின் கண் நீலமான வருசம்

நாய்க்குக் கண் நீலமாவதை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? பிறவியிலேயே பூனைக்கண்ணோடு பிறக்கிற நாயைச் சொல்லவில்லை. நல்ல பழுப்புக் கண், ஒரு வாரத்துக்குள், சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் விட்ட மாதிரி ஆகிவிடும். நான் இரண்டு நாய்களுக்கு அப்படிப் பார்த்தேன். இரண்டும் ஒரே வருசத்தில். ஒன்றை அடித்துக் கொன்றோம். இன்னொன்று பிழைத்தது.

நம் வயதுக்காரர்கள் கூடினால் பஞ்சத்தில் எதைத் தின்றோம், காலராவில் எந்த வீடு காலியானது என்றெல்லாம் பேசுகிறோம். இதை மட்டும் நான் யாரிடமும் பேசியதில்லை. இதில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்மேல் கோபித்துக்கொள்ள இனி ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று, மொரப்பூரிலிருந்து ஓசூர் போய்க்கொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிய வருசம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். எங்கள் கொல்லையில் நின்றால் ரயில் போவது தெரியும். வேகமாக நடக்கிறவன் அதை முந்திவிடுவான் என்று கேலி பேசுவார்கள். அந்த ரயில் ஒருநாள் நின்றுபோனது. தண்டவாளத்தை எடுக்க ஆட்கள் வந்தது அதற்குச் சில மாதம் கழித்து.

ரயில் நின்றதும் என் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. பாலக்கோட்டுக்குப் போகிற சனம் போய்த்தானே ஆக வேண்டும்? காரிமங்கலம் சந்தைக்குப் போய் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைக் குதிரை, காது நுனி மட்டும் கறுப்பு. பழைய வண்டி ஒன்றைத் தேடி வாங்கிப் பச்சை வர்ணம் பூசினார். வண்டியின் இரண்டு பக்கமும் பித்தளை விளக்கு. அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது என் வேலை. என் முகம் அதில் கோணலாகத் தெரியும். எனக்கு அந்த விளக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "உழவன் வூட்டுல குதிரை எதுக்குடா?" என்றார். சித்தப்பா குதிரையின் பக்கம் திரும்பிக்கொள்வார். அண்ணன் எதிரில் அவர் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை.

சித்தி வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. எங்கள் சனம்தான். ஆனால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் குடியேறி, வீட்டுக்குள் கன்னடம் பேசிப் பழகியவர்கள். சித்தி தமிழ் பேசினால் எங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். பெண் அழைத்து வந்த வண்டிக்குப் பின்னாலேயே ஒரு கறுப்பு நாய் வழிநெடுக ஓடி வந்தது. விரட்டினார்கள், கல்லால் அடித்தார்கள், நிற்கவில்லை. அதுதான் கரியா. எங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும் திரும்பாது. சித்தி 'பா' என்றால் வரும், 'கூத்கோ' என்றால் உட்காரும். தன் மொழியைப் பேசிக் கேட்க அந்த வீட்டில் அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது என்று எனக்கு இப்போது படுகிறது. அப்போது, நாயோடு என்ன இவ்வளவு பேச்சு என்று அம்மாவோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த ஆடியில் சித்தி முழுகாமல் இருந்தாள்.

மழை பிடித்ததும் ஈ வந்தது. நம் வீட்டு ஈ இல்லை, மாட்டு ஈ. கட்டைவிரல் நகம் பெரிசு இருக்கும். உட்கார்ந்து எழுந்தால் அந்த இடத்தில் ரத்தம் சொட்டும். மாடுகள் வாலை வீசி வீசி அலுத்துப்போயின. குதிரையின் தொடையிலும் வயிற்றிலும் கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும். சித்தப்பா வேப்பங்குழை ஒடித்து வந்து புகை போடுவார்.

கொஞ்ச நாளில் குதிரைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் இருக்கும், விட்டுவிடும், பத்து நாள் கழித்துத் திரும்ப வரும். கொள்ளும் புல்லும் நன்றாகத் தின்றது, ஆனால் தின்னத் தின்ன விலா எலும்பு தெரிந்தது. கால் நான்கும் வீங்கின. வயிற்றுக்கு அடியில் தோல் பை மாதிரி தொங்கியது. கடைசியில் பின்பக்கம் தள்ளாடியது. கள் குடித்தவன் நடப்பது போல நடந்தது. ஒருநாள் காலை லாயத்தில் விழுந்தது, எழவில்லை.

"கண்ணு பட்டுடுச்சு. வெள்ளைக் குதிரை, பச்சை வண்டி. ஊரு கண்ணு சும்மா வுடுமா?" என்றார் அப்பா.

ஏரிக்கு அந்தாண்டை ஓடைப் பள்ளத்துக்கு அதை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். புதைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊர் நாய்கள் எல்லாம் போயின. சாயங்காலம் கரியா முகவாய் முழுக்க ரத்தத்தோடு வந்தது. சித்தி முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். "குதிரைய ஓடவெச்சு வெளையாடுனியே, இப்ப அதையே துன்னுட்டு வர்ரியா?" என்று திட்டினாள். கரியா வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். கரியா சோறு தின்னாமல் படுத்துக்கொண்டது. தொட்டால் உடம்பு கொதித்தது. அடுத்து தாடை வீங்கியது. பிறகு கண். முதலில் வலது கண்ணில் ஆவி படிந்த மாதிரி இருந்தது. நாலாம் நாள் இரண்டு கண்ணும் நீலம். சித்தி முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கையை ஆட்டிக் காட்டினாள். கரியா கையைப் பார்க்கவில்லை, அவள் மூச்சு வந்த பக்கம் மூக்கைத் திருப்பியது.

ஒரேயடியாகக் கெட்டுப்போகவில்லை. நாலு நாள் தேறும், எழுந்து களி தின்னும். திரும்பப் படுத்துக்கொள்ளும். குரைப்பு மாறிப்போனது. தொண்டைக்குள் துணி அடைத்த மாதிரி ஒரு சத்தம். ஒரு மாதம் ஆனபோது ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. இடப்பக்கம், இடப்பக்கம், செக்கு மாடு போல. போய்த் தூணில் முட்டிக்கொள்ளும். முட்டியபிறகும் தலையைத் தூணில் அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கும். சில சமயம் எதுவும் இல்லாத காற்றைக் கடிக்கும்.

எங்கள் தெருவில் தலையாரி வீடு இருந்தது. அவர்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். அப்பாவிடம் வந்து, "கவுண்டருங்களே, நாயிக்கு வெறி புடிச்சுடுச்சுங்க. அடிச்சுப் போட்டுடலாங்க. கொழந்த குட்டிங்க இருக்கிற தெருவு" என்றார்.

சித்தி உள்ளே இருந்து வந்தாள். அப்பா எதிரில் அவள் வந்து பேசியது அதுதான் முதல் தடவை. "வெறி இல்லீங்க. அது என்னைய நல்லா தெரிஞ்சுக்குது. கண்ணுதான் போயிடுச்சு."

அப்பா அவளைப் பார்க்காமல், எங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால கட்டிப் போடுங்க. மூணு நாளு தண்ணி வெச்சுப் பாக்கலாம். வெறி நாயி தண்ணியத் தொடாது. குடிச்சா வுட்டுடலாம். வயித்துப் புள்ளைக்காரி பக்கத்துல போவக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ கம்பால சட்டியத் தள்ளி வெச்சுட்டு வந்துடணும். காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா."

அது நியாயமான தீர்ப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

முதல் நாள் வைத்தேன். வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அந்த நீலக் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் போனபோது சட்டி காலி. மண் சட்டி, விரிசல் விட்டது. குடித்ததா, கசிந்து போனதா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலையில்தான் தண்டவாளம் பிடுங்குகிறவர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்தார்கள். கடப்பாரையும் பெரிய சம்மட்டியும் கொண்டு நூறு பேர். 'ஏலேலோ' பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு தண்டவாளத்தைத் தூக்கும்போது பூமியே கழன்று வருகிற மாதிரி இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். நானும் அங்கேதான். மதியம் களி தின்ன வந்துவிட்டுத் திரும்ப ஓடினேன். மறுநாளும் அதேதான். யாரும் பார்க்காதபோது ஒரு தண்டவாள ஆணியைப் பாவாடையில் மறைத்து எடுத்து வந்தேன். தலை சப்பையாக, கனமாக, துருப்பிடித்து, மழைத் தண்ணீர் வாசனையோடு இருந்தது. எப்போதோ தொலைந்து போயிற்று. இரண்டு நாளும் கரியாவுக்குத் தண்ணீர் வைக்கவில்லை.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் நான் திரும்பி வரும்போது சித்தி கொட்டாய்க்குப் பின்னாலிருந்து வந்தாள். ஒரு கையால் மற்றக் கையைப் பொத்தியிருந்தாள். கீழே ராகிக் கூழ் சிந்தியிருந்தது.

"கையில வெச்சு ஊட்டுனேன் பாப்பா. கண்ணு தெரியல அதுக்கு. கூழுன்னு நெனச்சுக் கையைக் கவ்விடுச்சு. கடிக்கல. தெரியாமப் பட்டது." பெருவிரலுக்குக் கீழே இரண்டு பல் தடம், கொஞ்சம் ரத்தம். "யாருகிட்டயும் சொல்லாத, கண்ணு."

நான் சொல்லவில்லை. மறுநாள் கை வீங்கியது, பூசியிருந்த மஞ்சள் பற்றைப் பார்த்து அம்மா பிடித்துவிட்டாள். பிடித்ததும் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது.

அப்பா என்னைக் கூப்பிட்டார். தலையாரி, வாத்தியார், நாலைந்து ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சித்தப்பா ஓரமாக நின்றார். பாவாடை மடிப்பில் ஆணி இருந்தது, அது எல்லோருக்கும் தெரிகிறது என்று எனக்குத் தோன்றியது.

"பாப்பா, தண்ணி வெச்சியா?"

"வெச்சங்க."

"குடிச்சுதா?"

வைக்கவில்லை என்று சொன்னால் அடி விழும். தண்டவாளத்துப் பக்கம் போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள், அதுவும் வெளியே வரும். குடித்தது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை என்று. கரியாவைப் பார்த்துப் பயந்து கிடந்தவளுக்குக் குடிக்கவில்லை என்பதுதான் நிஜம் மாதிரி இருந்தது. எல்லோரும் எதிர்பார்த்து நின்றதும் அதைத்தான்.

"இல்லீங்க. தொடல."

சித்தி கதவண்டை நின்று என்னையே பார்த்தாள். அவள் என் பேச்சை நம்பினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் முகத்தில் அப்போதுதான் முதல்முதலாகப் பயம் வந்தது.

கரியாவைக் கொல்ல அதிக நேரம் ஆகவில்லை. தலையாரியின் தடிதான் முதலில் விழுந்தது. அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அது தடி வந்த பக்கத்துக்கு மாற்றாக, எங்கள் பக்கம் திரும்பி வாலை ஆட்டியது. சட்டி உருண்டு வந்து என் காலருகே கவிழ்ந்தது. உள்ளே காய்ந்த புளியந்தழையும் எறும்பும் இருந்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை.

வாத்தியார் ஒருவர்தான், "சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாய்க்கடிக்கு வயித்துல ஊசி போடுவாங்க. பொழச்சுக்குவாங்க" என்றார்.

"வயித்துல ஊசியா? உள்ள இருக்கிற புள்ளைய என்ன பண்றது?" என்றார் அப்பா.

சித்தப்பா அன்றைக்கு அண்ணனை எதிர்த்துப் பேசினார். "நான் கூட்டிக்கிட்டுப் போறங்கண்ணா" என்றார். எதில் போவது? ரயில் இல்லை. குதிரை இல்லை. பச்சை வண்டி லாயத்தில் மூக்குக் குப்புறக் கிடந்தது. கரியை எரித்து ஓட்டுகிற பஸ் ஒன்று இருந்தது, அது எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. மாட்டு வண்டியில் மொரப்பூர் போய்ப் பெரிய ரயிலைப் பிடிக்க இரண்டு நாள். "போற வழியிலயே வெறி ஏறிடுச்சுன்னா?" என்று யாரோ கேட்டார்கள். சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து நாய்க்கடி வைத்தியரை அழைத்து வந்தார்கள். ஒல்லியான, சாந்தமான மனுசர். ஏமாற்றுக்காரர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். தன் மருந்தை அவர் முழுசாக நம்பினார். ஊமத்தை இலையை இடித்துச் சாறு எடுத்து, வெல்லம் சேர்த்துக் கொடுத்தார். உப்பில்லாமல் சோறு. வெளிச்சம் படாத அறை.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "அஞ்சு மாசங்க. இது சேருங்களா?"

"விஷம் ஏறுனா ரெண்டு உசுருங்கம்மா. இப்ப ஒண்ணையாவது காப்பாத்தலாம்" என்றார் அவர். அப்புறம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மருந்து உள்ள போயி விஷத்தைக் கெளப்பும். பைத்தியம் மாதிரி பேசுவாங்க, தண்ணிய வெறுப்பாங்க. பயந்துக்காதீங்க. விஷம் வெளிய வருதுன்னு அர்த்தம். எதுவுமே வரலைன்னாத்தான் மருந்து பத்தலைன்னு அர்த்தம்."

சித்தியின் தலையை மடியில் வைத்து அம்மாதான் ஊற்றினாள். சித்தி முரண்டு பண்ணவில்லை. குழந்தைக்காக என்று குடித்தாள்.

முதல் வேளைக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் வேளை கொடுத்த மறுநாள் மதியம், நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சித்தியின் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கண்ணில் கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. கண் முழுக்கக் கறுப்பாக விரிந்து கிடந்தது. காற்றில் நூல் எடுப்பது போல விரலால் எதையோ பொறுக்கினாள். சிரித்தாள். "பா, கரியா, பா" என்று தரையைத் தட்டினாள். அங்கே நாய் வந்து படுத்திருக்கிற மாதிரியே தடவிக் கொடுத்தாள். பிறகு "நீரு, நீரு" என்று கேட்டாள்.

அம்மா செம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். சித்தி இரண்டு கையாலும் பிடுங்கி வாயில் கவிழ்த்தாள். விழுங்க முடியவில்லை. தொண்டை அப்படி வறண்டிருந்தது. புரை ஏறி, மூக்கில் வந்து, செம்பு உருண்டது. அவள் கத்தினாள்.

வெளியே கூடியிருந்தவர்களில் ஒருத்தி சொன்னாள்: "பாத்தீங்களா? தண்ணி எறங்கல. நாயி வெறியேதான்."

அதற்குப்பிறகு யாரும் தனியாக உள்ளே போகவில்லை. சித்தப்பாவையே மாட்டுக் கயிறு எடுத்து வரச் சொன்னார்கள். கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். அவர் கட்டும்போது, "கை வலிக்குதுங்க" என்று சித்தி நல்ல தமிழில், தெளிவாகச் சொன்னாள். ஒரு நொடி எல்லோரும் நின்றார்கள். உடனே அவள் மறுபடி காற்றில் பொறுக்க முயன்றாள், கயிறு விடவில்லை. சித்தப்பா முடிச்சைப் போட்டுவிட்டு வெளியே வந்து, பச்சை வண்டியின் சக்கரத்தில் தலையை வைத்துக்கொண்டு நின்றார்.

வைத்தியர் இன்னும் ஒரு வேளை கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அவள் தூங்கினாள். எழுந்தபோது கண்ணில் விரிந்திருந்த கறுப்பு சுருங்கியிருந்தது. தண்ணீர் கேட்டாள், இறங்கியது. வைத்தியருக்கு மாலை போடாத குறைதான். வெறி ஏறின மனுசிக்கு அதை இறக்கிக் காட்டியவர் என்று பேர் வந்தது. அவரைக் கூப்பிட மாரண்டஹள்ளியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அவர் எத்தனை பேருக்கு அந்தச் சாற்றைக் கொடுத்தாரோ.

அதே நாள் பொழுது சாயும் முன் சித்திக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்தாள். பிள்ளை உயிரில்லாமல் வந்தது. ஆண் குழந்தை, கை கால் எல்லாம் சரியாக இருந்தது என்று மருத்துவச்சி அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். ஆனால் தெருவில் வேறு பேச்சு ஓடியது. நாய் கடித்த வயிற்றில் நாய்க்குட்டிதான் இருந்தது, அதனால்தான் துணி சுற்றி யாருக்கும் காட்டாமல் புதைத்தார்கள் என்றார்கள். மருத்துவச்சி கிணற்றடியில் நின்று, "என் கண்ணால பாத்தன், கொழந்தடி!" என்று சத்தம் போட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிரவில்லை.

கார்த்திகை கழிந்து, மாட்டுக்குச் சப்பை நோய்க்கு ஊசி போடச் சர்க்கார் மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்தார். சத்திரத்தில் முகாம். இளவயசு, கண்ணாடி போட்டவர். ஒரு மரப்பெட்டியில் பூதக்கண்ணாடிக் கருவி கொண்டு வந்திருந்தார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதைச் சுற்றி நின்றார்கள். சித்தி அப்போது வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. எங்கள் பசுவைப் பிடித்துக்கொண்டு போக ஆளில்லாததால் அன்றைக்கு என்னோடு வந்தாள்.

தலையாரி ஒரு செவலை நாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டு நாய். அன்றைக்குக் குதிரையைத் தின்னப் போன நாய்களில் அதுவும் ஒன்று. அதன் ஒரு கண் நீலம். தள்ளாடியது. தலையாரி யாரையும் பார்க்காமல், "அடிச்சுப் போட மனசு வரலீங்க. வெறியான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

டாக்டர் அதன் காது நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற சித்தியைப் பார்த்து, "பாக்கறீங்களாம்மா?" என்றார். சித்தி பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்கச் சொன்னாள். மங்கலான மஞ்சள் வட்டத்துக்குள் சின்னச் சின்னப் பொட்டுகள். அதற்கு நடுவில் மீன்குஞ்சு மாதிரி ஒன்று துள்ளியது. இன்னொன்று. பொட்டுகளை முட்டித் தள்ளிக்கொண்டு துள்ளின.

"இது வெறி இல்ல. ரத்தத்துல இருக்கிற கிருமி. 'சர்ரா'ன்னு சொல்லுவாங்க. குதிரைக்கு வரும், ஈ கடிச்சுப் பரவும். செத்த குதிரைய நாயி துன்னா நாயிக்கும் வரும். கண்ணு நீலமாகும். மூளைக்கு ஏறிடுச்சுன்னா இப்படிச் சுத்தும், காத்தைக் கடிக்கும். பாக்கறவங்க வெறின்னு நெனைப்பாங்க."

"அந்த நாயி கடிச்சா மனுசருக்கு வருங்களா?" என்று சித்தி கேட்டாள்.

"வராதும்மா."

"எங்க நாயிக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. ரெண்டு கண்ணும். ஒரு மாசத்துக்கு மேல."

"ஒரு மாசமா? வெறி புடிச்ச நாயி பத்து நாளு தாண்டாதும்மா. அந்தக் கணக்கை யாரும் பாக்கலையா?"

சித்தி பசுவின் கயிற்றை என் கையில் கொடுத்தாள். பிறகு கையை நீட்டி அந்தப் பல் தடத்தைக் காட்டினாள். "என்னையக் கடிச்சுதுங்க. எனக்கு வெறி வந்துச்சுங்க. தண்ணி எறங்கல. கட்டிப் போட்டாங்க."

டாக்டர் முகம் மாறியது. "என்ன மருந்து குடுத்தாங்க?"

"ஊமத்தைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "வெறி வரலம்மா உங்களுக்கு. அந்தச் சாறு பண்ண வேலை அது. தொண்டைய ஒலர்த்தும், கண்ணை விரிக்கும், புத்தியக் கலைக்கும். யாரு குடிச்சாலும் அப்படித்தான்."

தலையாரி கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். "எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றார். சித்தி அவரைப் பார்க்கவில்லை, செவலை நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பெட்டியைத் திறந்து, "இதுக்கு மருந்து ஜெர்மனியில இருந்து வரணும், யுத்தத்துல வர்றதில்ல. குதிரைங்களுக்குன்னு ஒண்ணு ரெண்டு குப்பி வெச்சிருக்கேன்" என்று முனகினார். பிறகு என்ன நினைத்தாரோ, சித்தியின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, அந்த நாய்க்கு ஊசி போட்டார்.

அது பிழைத்தது. ஒரு கண் நீலமாகவே நின்றுபோனது. தினமும் எங்கள் வாசல் வழியாகப் போகும், வரும்.

டாக்டர் சொன்னதைச் சித்தி வீட்டில் சொன்னாள். "மாட்டு வைத்தியனுக்கு மனுச நோவு என்னா தெரியும்?" என்றார் அப்பா. சாகும்வரை அதையேதான் சொன்னார். அப்படிச் சொல்லாமல் அவரால் அந்த வீட்டில் சோறு தின்றிருக்க முடியாது என்று இப்போது எனக்குப் புரிகிறது. தையில் சித்தியின் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளை அழைத்துப் போனார், ஓய்வுக்கு என்று. சித்தப்பா கூப்பிடப் போகவில்லை. போகவிடவில்லை என்பதுதான் சரி. இரண்டு வருசம் கழித்து அவருக்கு வேறு பெண் பார்த்தார்கள். பச்சை வண்டியை ஏர்க்கலப்பைக்கு மரம் வேண்டும் என்று உடைத்தார்கள். சித்தி தன் ஊரிலேயே இருந்து, பிறந்த வீட்டுக் காட்டில் பாடுபட்டு, தலை நரைத்துச் செத்தாள். சாவுக்குத்தான் போனேன்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது டாக்டர் முகாமிலிருந்து திரும்பிய வழி. பசு முன்னால் போனது. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தண்டவாளம் இருந்த மேட்டைத் தாண்டும்போது நான் நின்றேன். ரயில்பாதை வெறும் சரளைக்கல்லாக, இரண்டு பக்கமும் எருக்கு முளைத்துக் கிடந்தது.

"சித்தி, கரியாவுக்கு நான் தண்ணி வெக்கல."

அவளுக்கு உடனே புரியவில்லை.

"குடிக்கலன்னு சொன்னது பொய்யி. வெக்கவே இல்ல. இங்க வந்துட்டேன், இரும்பு தூக்கறதைப் பாக்க."

அவள் என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பசு கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது.

"எத்தனை நாளு?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாளு."

"காய்ச்சலோட இருந்துச்சே," என்றாள். என்னிடம் சொல்லவில்லை. "எவ்ளோ தாகமா இருந்திருக்கும் அதுக்கு."

அதன்பிறகு நடந்தோம். வழியில் என்ன பேசினோம், பேசினோமா என்றே தெரியவில்லை. வீடு வந்து சேரும்வரை அவள் என் கையைப் பிடித்திருந்தாளா, அந்த மேட்டிலேயே விட்டுவிட்டாளா என்று இத்தனை வருசமாக யோசிக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.